பத்தாவது தகடு

பச்சை குத்தும் கடையின் மாதிரித் தாளில் ஒன்பது படங்கள்தான் இருந்தன. சுருட்டுப் பெட்டியில் பத்துத் தகடுகள் இருந்தன.

வெண்டெல் பியூ மூன்றாம் தடவையாக எண்ணிப் பார்த்தார். கப்பல், கழுகு, நங்கூரம், ரோஜா என்று ஒவ்வொரு படத்துக்கும் அதன் கோடுகளைச் செதுக்கிய, தோலில் ஒத்தியெடுப்பதற்கான செல்லுலாய்டு தகடு ஒன்று, மூலையில் அதே எண்ணோடு சரியாக இருந்தது. பத்தாம் எண் தகட்டுக்கு மட்டும் தாளில் ஜோடி இல்லை.

நார்ஃபோக் கப்பல் பட்டறையில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பச்சை குத்தும் கடைகளில், மாலுமிகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சுவரில் மாட்டியிருந்த பழைய மாதிரிப் படங்களை இருபது வருடமாகச் சேர்த்து வருகிறார். அவர் மனைவி லொரெட்டா அதற்கு வைத்த பெயர் குப்பை. ஜனவரியில் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவள், இப்போது அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். இன்னொரு முறை விழாமல் இருந்தால் வசந்தத்தில் நடப்பாள் என்றார் டாக்டர். நாளுக்கு நாலு முறை வெண்டெல் அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார், அவளும் ஒவ்வொரு முறையும் வலியில் திட்டித் தீர்ப்பாள். அந்தத் திட்டு இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

தாளையும் பெட்டியையும் விற்றவள் வெர்னா சைஸ்மோர். துறைமுகத்தருகே கடை வைத்திருந்த கிழட்டுச் சைஸ்மோரின் மகள். தாளில் சந்தேகமே இல்லை. நாலு மூலையிலும் துருக்கறை படிந்த குண்டூசித் துளைகள், புகையிலை மஞ்சள், புதுத்தாள் போலப் புற ஊதா விளக்கில் பளிச்சிடாத பழைய வெள்ளை. தகடுகளும் சேர்ந்தால் மதிப்பு இரட்டிப்பாகும். ஆனால் ஜோடியில்லாத ஒன்று கிடந்தால், பெட்டியே வேறு எங்கிருந்தோ வந்தது என்று வாங்குகிறவன் உதட்டைப் பிதுக்குவான். ஆகவே பத்தாவதும் அதே கை செதுக்கியதுதானா என்று தெரிய வேண்டும்.

வெளியே பிற்பகல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, ஜன்னலடியில் வெந்நீர்க் குழாய் அவ்வப்போது முனகியது, அறையில் பழைய அட்டையின் வாசனையோடு கரித்தூளின் வாசனையும் கலந்து நின்றது. தகட்டின் கோடுகளில் கரித்தூளைத் தேய்த்து, வாஸ்லின் தடவிய காகிதத்தில் அழுத்தி எடுத்தார். காகிதம் வெறுமையாக வந்தது. மறுபடியும் வெறுமை. விரலால் தடவினால் கோடுகள் தெரிந்தன, ஆழமாக, கூர்மையாக.

அப்போதுதான், சேகரிப்பாளர்கள் கேட்டால் சிரிக்கக்கூடிய அந்த வேலையைச் செய்தார். முன்கை முடியை மழித்து, வாஸ்லின் தடவி, கடைக்காரன் வாடிக்கையாளனுக்குச் செய்வது போலத் தகட்டைத் தோலில் அழுத்தினார்.

ஒரே அழுத்தில் முழுசாக விழுந்தது. ஒரு ஆணின் முகம். குனிந்து, கண்களைத் தாழ்த்தி, ஏதோ வேலையில் மூழ்கியிருக்கிற முகம். கோடு சைஸ்மோரின் கோடுதான். ஆனால் மூலையிலிருந்த எண், கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாறி விழுந்திருந்தது. தகட்டில் மாற்றிச் செதுக்கினால்தான் தோலில் நேராக விழும். வேலைக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம். நாற்பது வருடம் ஊசி பிடித்த கை இப்படித் தவறாது.

கழுவினார். போகவில்லை. துடைத்தாலே போகிற கரி, சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் அசையவில்லை. கை மட்டும் சில்லிட்டது. பச்சை குத்துமுன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட்டின் வாசனை எங்கிருந்தோ வந்தது. வீட்டில் ஸ்பிரிட் கிடையாது. வெர்னாவுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. பத்தாவது தகட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று குரல் பதிவு வைத்தார். எங்கோ ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது. குளிர்பெட்டி என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த அறையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது.

ஓடினார். தண்ணீருக்குக் கை நீட்டிய லொரெட்டா கட்டில் விளிம்புக்கு வந்து, பாதி உடல் வெளியே தொங்க, போர்வையைப் பற்றிக்கொண்டிருந்தாள். இரவுச் சட்டை தோள் வரை சுருண்டிருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. வெறும் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, இறுக அணைத்துத் தூக்கினார்.

"மெதுவா, கிழவா. நான் என்ன உன் பட்டறைக் குழாயா?"

"விழுந்திருப்பே, லொரெட்டா."

"விழல இல்ல? அப்புறம் ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? போ, போய் உன் குப்பையைப் பாரு."

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் திட்டினாள். நன்றாக இருக்கிறாள்.

போன் அடித்தது. வெர்னா.

"நான் ஒம்பதுதான் எண்ணி வச்சேன், மிஸ்டர் பியூ. பத்தாவதை அப்பா இருக்கும்போதே நாங்க கடல்ல போட்டாச்சு. தோல்ல ஒத்திப் பாத்தீங்களா?"

ஒத்தியதையும், அது மாறி விழுந்ததையும் அவர் சொன்னார்.

"அது மாறித்தான் விழும். அது உங்களுக்கு இல்ல. நீங்க அதுக்கு வெறும் தகடுதான். யாரையும் தொட்டுடாதீங்க."

கையைப் பார்த்தார்.

சுத்தமாக இருந்தது. வாஸ்லின் பளபளப்பு மட்டும்.

ரீங்காரம் நின்றது. பிறகு தொடங்கியது. குளிர்பெட்டி இல்லை, பச்சை குத்தும் மின் ஊசி. படுக்கையறை.

கதவு திறந்தேதான் இருந்தது. லொரெட்டா குப்புறப் படுத்திருந்தாள். இடுப்பு உடைந்த நாளிலிருந்து அவளால் அப்படிப் படுக்க முடிந்ததில்லை. போர்வை ஒழுங்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. முதுகில் அந்த முகம். நேராக. எண்ணும் நேராக.

ஊசிக்காரர்கள் கீழ்க்கோட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், மணிக்கட்டு பட்டு மேலுள்ள கரி அழியாமல் இருக்க. படத்து முகத்தின் மோவாய்க்குக் கீழே சாம்பல் நிறக் கோடு ஈரமான கறுப்பாகிக்கொண்டிருந்தது. அரை அங்குலம். நின்றது. தோல் அழுந்தியது, யாரோ துடைத்தது போல. இன்னொரு அரை அங்குலம்.

அறையில் யாரும் இல்லை. கட்டிலின் மறுபக்க மெத்தை மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாக இருந்தது.

"லொரெட்டா."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தலையணையில் கன்னத்தை வைத்து, அந்தப் பள்ளத்தைப் பார்த்து, வெளியாட்களிடம் மட்டும் பேசுகிற பணிவான குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க. வலிக்கவே இல்ல. நீங்க குத்துங்க."