பன்னிரண்டாம் வளைவு

சனிக்கிழமை, காலை 8.25.

உடல் பாறைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தது. அதற்கும் பத்தடி கீழே சைக்கிள், முன் சக்கரம் வானத்தைப் பார்க்க. ஆய்வாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியைத் திட்டியபடியே இறங்கிவந்தார். ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி. கியர் வைத்த சைக்கிளை வாழ்நாளில் தொட்டதில்லை.

கணவாயிலிருந்து கடற்கரை வரை முப்பத்தொரு கிலோமீட்டர் மலைச் சைக்கிள் பாதை. தடம் தேடி, கல் பொறுக்கி, அம்புக்குறி நட்டு அதை உருவாக்கிய வழிகாட்டிதான் இப்போது அங்கே கிடந்தவன். மேலே பன்னிரண்டாம் வளைவில் கடல் முதன்முதலாகக் கண்ணில் படும். வருகிறவர்கள் எல்லாரும் அங்கே தலையைத் தூக்குவார்கள். போன வருடம் ஒரு மாணவியும் தூக்கினாள்; காலடியில் பாதை சரிந்திருந்ததைப் பார்க்காமல் விழுந்து இறந்தாள். அங்கே கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவைக் காற்று அறுத்துப் போய்விட்டது என்று கோப்பை மூடினார்கள். மூடியவர் இதே ஆய்வாளர்தான். அந்தக் கையெழுத்து அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

உடலை முதலில் பார்த்தவன் வழிகாட்டியின் தொழில் கூட்டாளி. மேலே வளைவில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். ஆய்வாளர் அவனிடம் ஏறிவந்தார்.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ஏழரை இருக்கும் மேடம்."

"சேர்ந்துதானே கிளம்பினீங்க?"

"ஆறு மணிக்கு. சீசனுக்கு முன்னாடி பாதையை ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்னு. நாலாவது வளைவுல என் முன் டயர் கிழிஞ்சிடுச்சு. நல்ல வேகத்துல வந்துட்டிருந்தேன், கல்லு கிழிச்சு புஸ்ஸுனு இறங்கிடுச்சு. 'நீ போ, நான் சரி பண்ணிட்டு வரேன்'னேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. வந்து பார்த்தா..."

அவன் சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. கறுப்புச் சட்டத்தில் செம்மண் தெறித்துக் காய்ந்திருந்தது. வேறு கறை எதுவும் இல்லை. முன் டயரில் ஒரு அங்குலக் கிழிசல், உள்ளே புது டியூப். ஆய்வாளர் குறித்துக்கொண்டார். இறந்தவனின் சைக்கிளை முன்பே பார்த்திருந்தார். முன் பிரேக்கின் இரும்புத் தட்டை விரலால் தொட்டபோது எண்ணெய் ஒட்டியது. புட்டியிலிருந்து அப்போதுதான் ஊற்றியது போல விரல் மினுமினுத்தது; கறுப்பு துளியும் இல்லை.

ஏட்டு உற்சாகமானார். "பிரேக்ல எண்ணெய்! நேத்து சாயந்திரம் சர்வீஸ் பண்ணது செத்தவரோட மச்சினன் மேடம். கேஸ் முடிஞ்சுது."

"உனக்கு எப்பவும் வீட்டுக்குப் போறதுலயே குறி."

முட்டிக்கு ஓய்வு கொடுக்க ஆய்வாளர் வளைவோரத்துத் தட்டைப் பாறையில் உட்காரப் போனார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. "பறவைக்கு வேற இடமே கிடைக்கல" என்று முணுமுணுத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை, பகல் 11.40.

வழிகாட்டி வீட்டின் பின்பக்கக் கொட்டகைதான் சைக்கிள் பட்டறை. மச்சினனான மெக்கானிக் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு பாதியாகத் தேய்ந்திருந்தது.

"நான்தான் மேடம். பிரேக் கட்டையை நான்தான் மாத்தினேன். செயினைத் துடைச்ச துணியாலயே தட்டையும் துடைச்சிருப்பேன். ஞாபகம் இல்ல. ஆனா வேற யாரு?"

"எண்ணெய் பட்டிருந்தா ஓட்டறவருக்குத் தெரியாதா?"

"தெரியும். பிரேக் பிடிச்சா கீச்சுனு கத்தும். சூட்டுல எண்ணெய் கருகி நாறும்." தலையை ஆட்டினான். "மாமா கவனிச்சிருக்க மாட்டாரு. நான்தான் மேடம்."

தன்னையே தண்டித்துக்கொள்வதில் அவ்வளவு அவசரம் அவனுக்கு. அதற்குக் காரணம் வாசலிலேயே நின்றது. அவன் அக்கா, இறந்தவனின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் கல்லாக இருந்தது.

"நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கறோம். பெட்டியில இவன் கை படக் கூடாது. இவனுக்குப் பதிலா அவரோட கூட்டாளி ஒரு மூலையைத் தூக்குவாரு. சொல்லிடுங்க மேடம், இந்தக் கையோட இவன் என் கண்ணுல பட வேண்டாம்."

போய்விட்டாள். அவன் மறுபடியும் குழாயைத் திறந்தான். பேச்சை மாற்ற ஆய்வாளர் சுவரில் தொங்கிய வாடகை சைக்கிளைக் காட்டினார். சட்டம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"இது என்ன, சுவருக்கு வெள்ளையடிக்கும்போது தெறிச்சதா?"

"இல்ல மேடம். டயருக்குள்ள ஒரு திரவம் ஊத்துவோம். முள்ளு குத்தினா தானா அடைச்சுக்கும். பெரிசா கிழிஞ்சா வெளிய வந்து ரப்பர் மாதிரி காஞ்சு ஒட்டிக்கும். கழுவினாலும் போகாது."

"எல்லா சைக்கிளுக்கும் ஊத்துவியா?"

"எல்லாத்துக்கும். மாமா, அவரோட கூட்டாளி ரெண்டு பேர் சைக்கிளுக்கும் வெள்ளிக்கிழமைதான் புதுசா ஊத்தினேன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30.

இறந்தவனின் போனில் கடைசி அழைப்பு வெள்ளி இரவு போயிருந்தது. ஆய்வாளர் அந்த எண்ணுக்குப் போட்டார். எடுத்தவர் போன வருடம் இறந்த மாணவியின் அப்பா.

"திங்கட்கிழமை நேர்ல வரேன்னு சொன்னாரும்மா. நாடாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஒரு வருஷமா தூக்கம் இல்லைன்னார். வரவே இல்லாம போயிட்டாரே."

ஆய்வாளர் போனை வைத்தார். காற்று அறுத்ததாகத் தான் எழுதிய நாடா!

பகல் 12.15.

முட்டி கெஞ்சக் கெஞ்ச மறுபடியும் மலையேறினார். நாலாவது வளைவில் ஏட்டும் அவரும் புல்லைக்கூட விலக்கிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வளைவுக்கு நடந்தார்கள். தட்டைப் பாறையின் வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. ஆய்வாளர் அதை நகத்தால் நெம்பினார். தோல் மாதிரி முழுசாக உரிந்து வந்தது.

"பறவை எச்சத்தை எதுக்கு மேடம் கவர்ல போடறீங்க?"

"வேகமா கீழ இறங்கு. நாலு மணிக்குள்ள போகணும்."

பிற்பகல் 3.20.

வீட்டு முன்னால் பெட்டி தயாராக இருந்தது. கொட்டகையில் நாலு பேர்: ஆய்வாளர், ஏட்டு, மெக்கானிக், அக்கா. தம்பியைப் பார்க்காமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கூட்டாளி கடைசியாக வந்தான். வெளுத்துத் தேய்த்த சட்டை.

"ஒரு கையெழுத்துன்னீங்களே மேடம். நேரமாச்சு."

"ரெண்டு நிமிஷம். இந்தச் சக்கரத்துக்கு நேரா நில்லுங்க."

தாங்கியில் மாட்டியிருந்த சக்கரத்தை மெக்கானிக் சுழற்றிவிட்டான். ஆய்வாளர் கத்தி முனையை டயரில் ஒரு கணம் வைத்து எடுத்தார். புஸ்ஸென்று சத்தம். வெள்ளைத் துளிகள் சுற்றிலும் தெறித்தன. சட்டை, கன்னம், ஏட்டின் தொப்பி, எல்லாவற்றிலும்.

"ஓடற சக்கரம் கிழிஞ்சா இப்படித்தான் ஆகும். நல்ல வேகத்துல வந்தேன்னீங்க. உங்க சைக்கிள்ல மண்ணு இருந்துச்சு, அதனால யாரும் கழுவல. ஆனா ஒரு வெள்ளைப் புள்ளி இல்ல. நிக்கற சைக்கிளோட டயரை நிதானமாக் கிழிச்சீங்க. திரவம் ஒரே இடத்துல சொட்டுச்சு." கவரைத் திறந்து உரிந்த திட்டை எடுத்தார். "இது நாலாவது வளைவுல இல்ல. பன்னிரண்டாவதுல கிடைச்சுது. அவர் விழுந்த இடத்துக்கு நாலடி தள்ளி."

கூட்டாளி முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ அந்தப் பிரேக் எண்ணெய்?" என்று மென்று விழுங்கினான்.

"அந்த எண்ணெயோட பதினோரு வளைவு இறங்கி வந்திருந்தா அது கருகியிருக்கும். என் விரல்ல பட்டது சுத்தமான எண்ணெய். அதுக்கு அப்புறம் யாரும் பிரேக்கே பிடிக்கல. அவர் விழுந்ததுக்கு அப்புறம் கீழ இறங்கி ஊத்தியிருக்கீங்க. பழியைப் போட ஒரு மெக்கானிக் தயாரா இருந்தான்."

அக்கா சுவரிலிருந்து திரும்பினாள்.

"போன வருஷம் நாடாவைக் கழட்டினது யாரு?" என்றார் ஆய்வாளர்.

கூட்டாளி சட்டையில் தெறித்த புள்ளியைத் துடைக்கப் பார்த்தான். "வந்தவங்க கடல் பார்க்கணும்னாங்க. சுத்திப் போனா ஒரு மணி நேரம் ஆகும். நான்தான் கழட்டினேன். அவனுக்குத் தெரியும். கெஞ்சினேன், வாயை மூடிக்கிட்டான். நேத்து அந்த வளைவுல இறங்கி நின்னு, 'இனிமே முடியாது, திங்கட்கிழமை சொல்லப் போறேன்'னான். கடலைப் பார்த்துக்கிட்டுதான் சொன்னான். நான்... ஒரே தள்ளு மேடம்."

ஏட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைப் புள்ளிகள் அதற்குள் சட்டையில் காயத் தொடங்கியிருந்தன.

ஆய்வாளருக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. போன வருடமே நாடாவின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், அறுந்ததா அவிழ்த்ததா என்று தெரிந்திருக்கும். வழிகாட்டியாவது உயிரோடு இருந்திருப்பான். அதை அவர் யாரிடமும் மறைக்கப் போவதில்லை. கோப்பைத் திறக்கும்போது தன் பெயரையும் எழுதத்தான் போகிறார்.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அந்தத் திரவத்தை ஊத்தினதே நான்தான். அவன் சைக்கிளை ஒரு தடவை பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். என் கையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

வெளியிலிருந்து யாரோ, நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்கள். அக்கா அவனருகே வந்து நின்றாள்.

"பெட்டி தூக்க மூணு பேர்தான் இருக்காங்க," என்றாள். "எழுந்திரு."

அவன் நகக்கண்களில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்தான். "கையைக் கழுவிட்டு வந்துடறேன்க்கா."

அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"கழுவ வேண்டாம். அப்படியே வா."