பன்னிரண்டாம் கட்டம் பச்சை

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள் காலை. வகுப்பறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. துடைத்த தரை இன்னும் காயவில்லை. நான் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'சிடுமூஞ்சி'. பொருத்தம்தான்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் ஒட்டிய டேப்லெட் உண்டு. கேள்வி பெரிய திரையில் வரும். பதிலை அழுத்தியதும் அந்த எண்ணின் கட்டம் பச்சையாகும். 'உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார்' என்று வீட்டுக்குச் செய்தி போகும். அழுத்தாவிட்டால் கட்டம் சிவக்கும். 'வரவில்லை' என்று போகும். சிவப்பைக் கண்டாலே தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு வறுத்தெடுப்பார். அதனால் திரையைப் பார்ப்பேனே தவிர, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் வழக்கமே விட்டுப்போயிருந்தது.

போன பருவத்தில் ஒருநாள் இருபத்துமூன்றாம் எண் பெண் வரவில்லை. "லேட்டா வந்து தொலையும் சனியன்" என்று முணுமுணுத்தபடி அவளுக்காக நானே அழுத்தினேன். அவள் அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். சாயங்காலம்தான் தேடினார்கள். வரும் வழியில் பாலத்துக்கு அடியில், சேற்றில், சைக்கிளோடு கிடந்தாள். மதியம் வரை உயிர் இருந்ததாம்.

வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

அவள் டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பள்ளி திறந்த அன்று, முதலாவது கேள்வியைப் போட்டதும் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

இருபத்துமூன்றும்.

"டீச்சர்..." முன்பெஞ்சுப் பெண் கிசுகிசுத்தாள். "அலமாரிக்குள்ள யாரோ தட்டுறாங்க."

"எலியா இருக்கும். பேசாம திரையப் பாரு."

டொக். டொக்.

கண்ணாடியில் நகம் படும் சத்தம். சாவியைத் திருப்பினேன். கதவு திறந்ததும் சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. டேப்லெட் ஈரமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

டொக்.

இப்போது சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். பன்னிரண்டாம் எண் மேசை. நாற்காலியில் யாருமில்லை. டேப்லெட்டின் மேல் சேறு படிந்த ஒரு விரல் தடம். திரையில் பன்னிரண்டாம் கட்டம் பச்சை.

பன்னிரண்டு என் மகளுடைய எண்.

"நீ முன்னாடி போம்மா, நான் சைக்கிள்ல பின்னாலயே வந்துடுறேன்" என்று காலையில் சொன்னாளே!

கைப்பையில் என் செல்போன் அதிர்ந்தது. 'உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார்.'

செருப்பைக்கூட மாட்டாமல் பாலத்துக்கு ஓடினேன். கீழே அவள் சைக்கிள் மட்டும் கிடந்தது. சேற்றைக் கையால் தோண்டினேன். அவள் இல்லை. ஆற்றோரம் முழுக்கத் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். எங்கேயும் இல்லை.

உண்மையை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இருபத்துமூன்றின் அம்மா காலிலும் விழுந்து அழுதேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலையும் போயிற்று. டேப்லெட்டுகளை எல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் தினமும் காலை முதல் மணி அடிக்கும் நேரத்துக்கு என் செல்போன் அதிர்கிறது.

'உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார்.'