வயிற்று வலிக்காரிகள்

லுல்வாவுக்கு எரிச்சலாக வந்தது. குவைத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியின் கூடத்தில், எடை பார்க்கும் வரிசை நத்தை போல நகர்ந்தது. அவள் முறை வந்து இயந்திரத்தில் ஏறியதும், நர்ஸ் கௌசர் கூடமே அதிரச் சொன்னார்.

“லுல்வா, நாற்பத்தெட்டு கிலோ.”

எழுதிக்கொள்ளும் பெண் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அதனால் நர்ஸ் கத்தினார். வரிசையில் பின்னால் நின்ற வகுப்புத் தோழி ரீம் களுக்கென்று சிரித்தாள். “அரிசி மூட்டை இறங்கிடுச்சு, அடுத்தது யாரு?”

லுல்வா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

“முனீரா எங்கே?” என்றார் பத்ரியா டீச்சர். “இப்பத்தானே நின்னா. லுல்வா, போய்க் கூட்டிட்டு வா.”

லுல்வாவின் தோழி முனீரா கழிப்பறையில் இருந்தாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

“வெளியே வாடி. டீச்சர் கூப்பிடுறாங்க.”

“வயிறு வலிக்குதுன்னு சொல்லிடு.”

“பொய் சொல்லாதே.”

“நாற்பத்தெட்டுக்கே அரிசி மூட்டைன்னா, என்னை என்ன சொல்லுவாங்க? நான் வரமாட்டேன்.”

பக்கத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. “எனக்கும் வயிறு வலிக்குதுன்னு சொல்லிடு, லுல்வா.”

“அப்படியே எனக்கும்” என்றது அதற்கு அடுத்த கதவு.

லுல்வா தலையில் கை வைத்துக்கொண்டாள். குரலை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வகுப்பில் குண்டாக இருக்கும் அத்தனை பேரும் இங்கேதான் இருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நம் நாட்டில் எத்தனை பேருக்கு உடல் பருமன் இருக்கிறது என்று கணக்கெடுக்க வருகிறார்கள் என்றல்லவா டீச்சர் சொல்லியிருந்தார்? இவர்களை விட்டுவிட்டு என்ன கணக்கு?

விடுவிடுவென்று கூடத்துக்குத் திரும்பினாள்.

“சிஸ்டர், மூணு பேருக்கு வயிற்று வலியாம்.”

“இங்கேயுமா?” நர்ஸ் அலுத்துக்கொண்டார். “போற ஸ்கூல்ல எல்லாம் வயிற்று வலி. கேன்டீன்ல என்னதான் போடுறாங்களோ, தெரியலை. சரி விடு, அவங்க இல்லாமலே எழுதிடறோம்.”

“அவங்களுக்கு வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க எடையைக் கத்திச் சொல்றீங்கன்னு ஒளிஞ்சிருக்காங்க. குண்டா இருக்கிற எல்லாரும் ஒளிஞ்சுக்கிட்டா, நாட்டுல எல்லாரும் ஒல்லின்னுதானே உங்க கணக்கு வரும்?”

எழுதும் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அட, அப்போ இதுவரைக்கும் எழுதினது எல்லாம்...” என்று இழுத்தாள்.

“எனக்கு மெதுவாப் பேச வராதும்மா” என்றார் நர்ஸ் பாவமாக. “பிறந்ததிலேர்ந்தே இப்படித்தான்.”

“பேசவே வேண்டாம், சிஸ்டர். மெஷினை டீச்சர் ரூமுக்குள்ள வைங்க. எழுதுற அக்காவும் பக்கத்துலயே உட்காரட்டும். அவங்களே பார்த்து எழுதிக்கட்டும். ஒவ்வொருத்தரா உள்ளே வர்றோம், கதவைச் சாத்திக்கிறோம்.”

பத்ரியா டீச்சர் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை நர்ஸ் பிடித்தார்.

லுல்வா மறுபடியும் கழிப்பறைக்கு ஓடினாள். “வாங்கடி. இனிமே யாருக்கும் எதுவும் கேட்காது.”

“நிஜமாவா?”

“உங்களைக் கெஞ்சிக் கெஞ்சியே நான் இளைச்சிடுவேன் போல. வாங்க.”

மூன்று தாழ்ப்பாள்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முனீரா அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் வெளியே வந்து லுல்வாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எவ்வளவு?” என்று ரீம் எட்டிப் பார்த்தாள்.

“அது எனக்கும் அந்த அக்காவுக்கும் தெரியும்” என்றாள் முனீரா. “உனக்கு எதுக்கு?”

ரீம் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

எல்லாரும் முடித்த பிறகு, டீச்சர் அறைக்குள்ளிருந்து நர்ஸ் முன்பு போய்வந்த இன்னொரு பள்ளியோடு தொலைபேசியில் பேசுவது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“ஆமாம், உங்க ஸ்கூலுக்கு மறுபடியும் வர்றோம். கதவு இருக்கிற ரூமா ஒண்ணு ஒதுக்கி வைங்க. வயிற்று வலின்னு போன பிள்ளைங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

முனீரா லுல்வாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.