மேற்கே ஓடியவன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மணிமுத்தாறு அணைக்கட்டுச் சாலையில், ஆடு மேய்க்கும் இசக்கிதுரை ஒரு மனிதரைத் தோளில் போட்டுக்கொண்டு மலையடிவாரக் காட்டிலிருந்து வெளியே வந்தார். தோளில் கிடந்தவருக்கு நினைவில்லை. பின்மண்டை உடைந்திருந்தது. அதைச் சுற்றி இசக்கிதுரையின் துண்டு. அவர் சட்டை முழுக்க ரத்தம்.

அடிபட்டவர் குமரகுருபரன், ஓரியன்டீரிங் கழகத்தின் செயலாளர். கையில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, காட்டில் நட்டிருக்கும் கொடிகளை வரிசை தப்பாமல் தேடிப்பிடித்து ஓடும் பந்தயம் அது. ஆறாவது கொடிக்குப் பக்கத்துப் பாறைக்குக் கீழே அவர் கிடந்தார். முந்தின நாள் அந்தக் கொடியை நடும்போது, ஆடு மேய்க்கிற இடத்தில் எதற்குக் கூட்டம் சேர்க்கிறீர்கள் என்று இசக்கிதுரை அவரிடம் சண்டை போட்டிருந்தார். போலீசுக்கு அது போதும். விசாரித்துவிட்டு, அன்று இரவு தூக்கி வந்தவரையே கைது செய்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் மதுமதி, கணினி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததிலிருந்து அவள் ஓடுவதில்லை. கழகத்தில் ஓடுகிறவர்களின் வீடியோக்களைச் சேர்ப்பதுதான் அவள் வேலை. தலையில் மாட்டிய கேமராவின் படம் ஒரு பக்கம், வரைபடம் மறு பக்கம், வரைபடத்தின்மேல் கைக்கடிகார ஜி.பி.எஸ். காட்டும் சிவப்புப் புள்ளி. மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்து ஓட வேண்டும்.

எங்கே ஓடியது? ஒருவன் கேமராவில் வருஷமே தப்பு. இன்னொருவன் கேமரா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பாள், கிளம்பும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று!

"ஆச்சா மேடம்?" பின்னால் நாற்காலியில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் பிரேமலதா நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"ஆகல மேடம்."

"சாயங்காலம் அந்தாளைக் கோர்ட்டுல நிறுத்தணும். எனக்கும் மனசு ஒப்பல. ஆனா கையில வேற என்ன இருக்கு?"

வாசற்படியில் இசக்கிதுரையின் மனைவி சுடலைவடிவு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அவிய அடிக்கல தாயி. அடிக்கிற ஆளு எதுக்கு ரோடு வரைக்கும் தூக்கிட்டு வாராவ?"



ஓட்டக்காரர்களைப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பியிருந்தார்கள். கொடியைத் தொட்ட நேரத்தைக் கையிலுள்ள அட்டை பதிவு செய்யும். ஆறாவது கொடியிலிருந்து ஏழாவதற்குப் போக மற்றவர்களுக்கு எட்டு நிமிடம் ஆகியிருந்தது. மகேஷ் என்ற ஓட்டக்காரனுக்கு மட்டும் பதினெட்டு.

"அந்தப் பத்து நிமிசம் எங்க போனான்?" என்றாள் பிரேமலதா.

"வழி தப்பி மேட்டுல சுத்தினேங்கான். வீடியோவும் அப்படித்தான் காட்டுது."

மதுமதி அந்தத் துண்டை ஓடவிட்டாள். உடைமரங்களுக்கு நடுவே கேமரா குலுங்கிக் குலுங்கி மேடேறியது. பக்கத்து வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மேற்கே மலையை நோக்கி நகர்ந்தது. பாறை வரும் இடத்தில் பாறை. ஓடை வரும் இடத்தில் ஓடை. மற்றவர்களுடைய படத்தை இழுத்து இழுத்துப் பொருத்தியவளுக்கு, இது ஒட்டவைத்தாற்போல் பொருந்தியது. வீடியோ சேர்க்க அவன் அவளிடமே பயிற்சி எடுத்தவன்.

"இவன் ஒருத்தன்தான் ஒழுங்காக் குடுத்திருக்கான்" என்று முணுமுணுத்தாள். "அதுலயும் பாதிப் படம் வெளுத்துப்போச்சு. வெயில் நேரா லென்சுல அடிக்கி. ஒரு மண்ணும் தெரியல."

போன் அடித்தது. கல்லிடைக்குறிச்சிக் கல்யாணப் பெண்ணின் அம்மா பாக்கியவதி.

"என்னம்மா, வீடியோ எப்பத்தான் தருவிய? முகூர்த்தத்துல எல்லா மூஞ்சியும் கறுப்பா இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல குறை சொல்லுதாவ!"

"சூரியனைப் பார்த்து கேமராவை வச்சா கறுப்பாத்தான் இருக்கும், அத்தை. மணவறையைக் கிழக்கால வைக்காதீங்கன்னு அப்பமே சொன்னேன். காலம்பற வெயிலு அங்கனருந்துதான்..."

பேச்சு அப்படியே நின்றது. போனை மேசைமேல் கவிழ்த்தாள். பாக்கியவதியின் குரல் உள்ளே கத்திக்கொண்டே இருந்தது.

"மேடம், மகேஷைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மதுமதி. "இங்கனயே."

மகேஷ் மூன்று மணிக்கு வந்தான். இருபத்திரண்டு வயது. மாநில அணித் தேர்வுக்கு அவன் பெயர்தான் முதலில் இருந்தது.

"அக்கா, நான் பார்த்ததை எல்லாம் சொல்லிட்டேனே."

"வழி தப்பின இடத்தை மட்டும் காட்டுலே. படத்துல சரியா விளங்கல."

திரையில் அந்தத் துண்டு ஓடியது.

"இதுல நீ எந்தப் பக்கமா ஓடுதே?"

"மேற்க. மலையைப் பார்த்து. வரைபடத்துலயே தெரியுதே."

"மணி என்ன இருக்கும்?"

"ஏழே முக்கால்."

"காலையில?"

"காலையிலதான்." சிரித்தான். "பந்தயம் காலையிலதானக்கா நடந்துச்சு."

மதுமதி படத்தை நிறுத்தினாள். திரையின் நடுவே கண் கூசும் வெள்ளை. எதிரே நின்ற உடைமரங்களின் நிழல், ஓடுகிறவனின் கால்களை நோக்கி நீண்டு கிடந்தது.

"அப்ப உன் மூஞ்சிக்கு நேரா அடிக்குதே, அது என்ன?"

மகேஷ் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கினான்.

"சூரியன்லே. காலம்பற மேற்க ஓடுனா வெயிலு முதுகுல அடிக்கணும். உன் நிழலு உனக்கு முன்னால ஓடணும். இது சாயங்காலம் எடுத்த படம்."

மதுமதி பிரேமலதாவின் பக்கம் திரும்பினாள்.

"படமும் ஜி.பி.எஸ்.ஸும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தத்தான் செய்யும் மேடம். ரெண்டுமே வேற ஒரு நாள் ஓடுனப்ப எடுத்தது. அதுல பத்து நிமிசத்தை வெட்டி, நேரத்தை மாத்தி, பந்தயத்துக்கு நடுவுல ஒட்டிட்டான். நானும் ரெண்டும் ஒட்டுதான்னு மட்டும் பார்த்தேன். சூரியனோட ஒட்டுதான்னு பார்க்கல. வெயிலைத் திட்டிட்டு இருந்தேன்."

"பந்தயத்துக்கு முன்னாடியே அந்தக் காட்டுக்குள்ள போனானா?"

"போகவே கூடாது. போனது தெரிஞ்சா அணியில இருந்து பேரை எடுத்திருவாங்க."

மகேஷ் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"வியாழக்கிழமை என் பைக்கை குமரகுருபரன் சார் அணைக்கட்டுகிட்ட பார்த்திருக்காரு" என்றான் மெதுவாக. "பந்தயத்தன்னைக்கு ஆறாவது கொடியில உக்காந்திருந்தாரு. நான் வந்ததும் நிறுத்தி, 'நீ முன்னமே ஓடிப் பார்த்துட்டே, சாயங்காலம் பேரை எடுத்திருவேன்'னாரு. கெஞ்சினேன் அக்கா. திரும்பி நடந்தாரு. பைய்யத்தான் தள்ளினேன். பாறை விளிம்புன்னு நினைக்கல."

"கீழ எட்டிப் பார்த்தியா?" பிரேமலதாவின் குரல் கட்டையாக இருந்தது.

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"ஏழாவது கொடிக்கு ஓடினேன்."

மதுமதி திரையை அணைத்தாள். அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு இசக்கிதுரையை விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் சுடலைவடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்வார் என்று மதுமதி எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை.

"அவரு பொழைச்சுக்கிடுவாரா?" என்றுதான் கேட்டார்.

"கண்ணு முழிச்சிட்டாராம். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில இருக்காரு."

"அது போதும்." சட்டென்று அவர் குரல் ஏறியது. "ஏம்மா, தலையில வெளக்கு மாதிரி எதையோ மாட்டிட்டு உங்க ஆளுவ ரெண்டு பேரு எதுத்தாப்ல ஓடுனாவளே. 'ஆளைத் தூக்க ஒரு கை குடுங்க வே'ன்னு கத்துனேன். ஒருத்தனும் நிக்கல. இதை இங்கயும் சொன்னேன். யாரு காதுல வாங்குதா?"

பிரேமலதா வேறு பக்கம் பார்த்தாள். ஓட்டக்காரர்களைக் கேட்டபோது எல்லோரும் ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மதுமதி ஸ்டுடியோவுக்குத் திரும்பி, மகேஷுக்குப் பின்னால் ஓடியவர்களின் வீடியோக்களைத் திறந்தாள். மூச்சிரைப்பு எரிச்சலாக இருக்கிறதென்று எப்போதும் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் அவள் வேலை பார்ப்பாள். இப்போது ஏற்றினாள்.

மூச்சு. காலடி. முள்ளில் சட்டை கிழிபடும் சத்தம். பிறகு, இடப்பக்கம் வெகு தூரத்தில், தொண்டை கட்டிய குரல்: "ஏ தம்பி! இங்கன வாங்க வே! ஆளு சாகக் கெடக்காரு!"

கேமரா ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பியது. புதர் இடைவெளியில் ஒரு சட்டை தெரிந்தது. பிறகு கேமரா குனிந்து வரைபடத்தைப் பார்த்தது. ஓட்டம் தொடர்ந்தது.

அடுத்த வீடியோவிலும் அதே குரல் கேட்டது. அதில் தலை திரும்பக்கூட இல்லை.

மதுமதி இரண்டையும் வெட்டினாள். படத்தின் அடியில், ஓடியவர்களின் பெயரைப் போட்டாள். வரைபடம் இல்லை, சிவப்புப் புள்ளி இல்லை, சத்தம் மட்டும் முழு அளவில். கழகத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஏற்றிவிட்டு, யார் முதலில் பேசப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.