நாச்சிமுத்துவின் கைகள்

காலையில் பட்டறையைத் திறந்ததும் வஞ்சிக்கொடிக்கு முதல் வேலை, புருஷனின் கைகளை எந்திரனுக்கு மாட்டிவிடுவது.

கைகள் என்றால் சதையும் எலும்பும் அல்ல. அவை மண்ணுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இது பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. கைநினைவு என்று பெயர். நாச்சிமுத்து உயிரோடு இருந்தபோது, வேலைக்குப் போன நாளெல்லாம் அவர் கையுறைக்குள் கிடந்து, அவர் கை போன போக்கையெல்லாம் படித்துக்கொண்டது. எந்திரனின் பிடரியில் உள்ள குழியில் அதை வைத்து அழுத்தினால் போதும். அதுவரை மரக்கட்டையாக நின்றது, நாச்சிமுத்துவைப் போலவே இடது தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டு ரம்பத்தைத் தேடும். அந்தக் குலுக்கலைப் பார்ப்பதற்காகவே வஞ்சி தினமும் கொஞ்சம் முன்னதாக வந்துவிடுவாள்.

புது ஆனைமலை என்ற அந்த வேற்றுக்கிரகக் குடியேற்றத்தில் மரம்தான் உயிர், மரம்தான் எமன். காற்றுக்காக நட்ட மரங்கள் காற்றைக் கொடுத்தன. கொடுத்த கையோடு வெறிபிடித்து வளர்ந்து, மக்கள் வாழும் கண்ணாடிக் கூரைமேல் சாய ஆரம்பித்தன. அறுத்துக்கொண்டே இருந்தால்தான் ஊர் நிற்கும். எந்திரனின் நெஞ்சிலிருந்த குட்டி அணுவுலை அதன் கைகாலை அசைக்கப் போதும், ரம்பத்தைச் சுழற்றப் போதாது. மின்கலமோ அந்த ஊர்க் குளிரில் ஒரு மரம் விழுவதற்குள் செத்துப்போகும். ஆகவே பூமியில் என்றோ கைவிட்ட பெட்ரோல் ரம்பம் அங்கே மறுபிறவி எடுத்தது. பெட்ரோலைப் பாசியிலிருந்து வடித்தார்கள்.

ரம்பத்தைத் தயார் செய்வதும் வஞ்சிதான். பெட்ரோலில் எண்ணெய் கலந்து குலுக்குவாள். சூடு ஆறாத இயந்திரத்தில் ஒரு சொட்டுகூட ஊற்றமாட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு சங்கிலியை இழுத்துப் பார்ப்பாள். தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது. உருட்டரம் எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவாள். பல் மழுங்கினால் ஆள் ரம்பத்தை அழுத்துவான், அழுத்துகிறவன்தான் அடிபடுவான் என்பது அவளுக்குத் தெரியும். எல்லாம் செய்து என்ன? பிடிக்கிறவன் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டாமா!

ரம்பத்தின் அலகு நுனியை அங்கே மூக்கு என்பார்கள். சுழலும் மூக்கு மரத்தில் முட்டினால் ரம்பம் கண் மூடித் திறப்பதற்குள் மேலே துள்ளும், பிடித்திருப்பவனின் கழுத்தைப் பார்த்து வரும். அதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிரேக் மட்டை உண்டு. துள்ளும்போது மட்டை முன்னால் சாயும், சங்கிலி அந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் அவசரத்தில் கை பட்டாலும் நிற்கும். அது நாச்சிமுத்துவுக்கு எரிச்சல். மட்டையைக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுவார். தலைக்கவசம் பக்கத்துக் கிளையில் தொங்கும்.

"ஏனுங்க, அந்தக் கம்பிய அவுத்துப்போடுங்க. உங்க கால்ல வேணா விழுகறேன்" என்று அவள் கெஞ்சாத நாள் கிடையாது.

"அட போ கண்ணு, எத்தன வருசமா அறுக்கறேன், எனக்குத் தெரியாதா? நீ மொதல்ல தள்ளி நில்லு" என்பார். சொல்லிக்கொண்டே, கோழியை விரட்டுவதுபோல் புறங்கையை இரண்டு தடவை வீசுவார். மரம் விழுந்தாலும் எட்டாத தூரத்துக்கு அவள் போகும்வரை ரம்பத்தைக் கிளப்பமாட்டார். பெண்டாட்டி உயிர்மேல் அத்தனை அக்கறை. தன் உயிர் மட்டும் இளக்காரம். பாவி மனிதர், கம்பி கட்டிய ரம்பம் துள்ளி அப்படியேதான் செத்தார்.

எந்திரனும் புறங்கையை வீசியது. முதல்முறை பார்த்தபோது வஞ்சி வாய்விட்டு அழுதாள். பிறகு அந்த வீச்சுக்காகவே வேண்டுமென்று பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தாள்.

ஆனால் கைநினைவு பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை. அறுக்கும் நேர்த்தியோடு கம்பி கட்டும் புத்தியையும் சேர்த்தே படித்திருந்தது. இரண்டு எந்திரன்கள் கழுத்தறுந்து விழுந்தன. வில்லை தப்பியது அவள் செய்த புண்ணியம்.

பட்டறை மேற்பார்வையாளர் மயில்சாமி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அம்மிணி, ஊர்ச்சபையில முடிவு பண்ணீட்டாங்க. இன்னொரு எந்திரன் போச்சுன்னா நாச்சிமுத்து கைநெனவ அழிச்சுப்போட்டு வேற ஆளோடத ஏத்தச் சொல்றாங்க."

"நகல் எடுத்து எனக்கொண்ணு குடுங்ணா. ஒரு ஓரமா வெச்சுக்கறேன்."

"நகல் எடுக்க முடிஞ்சா நானே குடுத்திருக்கமாட்டனா? ஒலகத்துல அது ஒண்ணுதான் இருக்குது."

ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் போனால் நாச்சிமுத்து இரண்டாவது தடவை சாவார்.

மறுநாள் எந்திரனோடு அவளும் காட்டுக்குப் போனாள். அது கம்பியைக் கட்டியது, அவள் அவிழ்த்தாள். மறுபடி கட்டியது. கம்பியையெல்லாம் பொறுக்கி ஒளித்துவைத்தாள். எந்திரன் அக்கம்பக்கம் பார்த்தது, பட்டையிலிருந்து நார் உரித்தது, அதை முறுக்கிக் கட்டிக்கொண்டது. கட்டி முடித்துவிட்டு அவளைப் பார்த்துப் புறங்கையை வீசியது.

"செத்தும் உங்களுக்குப் புத்தி வரலயா?" என்று அவள் கத்தினாள். எந்திரனுக்குக் காது உண்டு, வாய் கிடையாது. அவள் தள்ளிப் போகும்வரை காத்து நின்றது.

அந்தச் சமயம் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி ஜெபமணி வந்துசேர்ந்தாள். ஆரஞ்சு நிற மேலங்கி, முகத்தை மூடிய கண்ணாடி மறைப்பு. தூரத்தில் ஆரஞ்சு தெரிந்ததுதான் தாமதம், எந்திரனின் கை பறந்தது. நாரை அறுத்தெறிந்தது, கவசத்தைத் தலையில் கவிழ்த்தது. அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்துக் கிளப்பும் வழக்கத்தை மறந்து, ரம்பத்தைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, மூக்கு எதிலும் படாமல், பாடப் படத்தில் போட்டதுபோல் அறுத்தது.

"அருமையான தொழிலாளி" என்று பாராட்டிவிட்டு ஜெபமணி போனாள். ஆரஞ்சு மறைந்ததும் எந்திரன் கவசத்தைக் கிளையில் மாட்டிவிட்டு நார் தேடியது.

வஞ்சிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. புரிந்ததும் நெஞ்சு எரிந்தது. அவருக்கு ஒழுங்காக வேலை செய்யத் தெரியாமல் இல்லை. பொழுதன்னைக்கும் கட்டினவள் கண்ணீர் விட்டுச் சொன்னது ஏறவில்லை, மாசத்துக்கொரு தடவை வந்துபோன ஒரு சட்டை சொன்னது ஏறியிருக்கிறது.

மயில்சாமியிடம் ஒரு பழைய ஆரஞ்சு மேலங்கியையும் முகமறைப்பையும் வாங்கி அடிமரம் ஒன்றுக்கு மாட்டிப் பார்த்தாள். எந்திரன் நிமிர்ந்து பார்த்தது, அசையவில்லை என்று கண்டது, நாரைக் கட்டிக்கொண்டது. நாச்சிமுத்து அவ்வளவு லேசில் ஏமாறுகிற ஆளா! வேறு வழியில்லை. மேலங்கியைத் தானே போட்டுக்கொண்டு, முகமறைப்பை இறக்கிவிட்டாள்.

அன்றுமுதல் ஒரு குறை சொல்ல முடியாத வேலை. கவசம் தலையில், பிரேக் தன் இடத்தில். ரம்பம் ஒருநாள் துள்ளவும் செய்தது. மட்டை சாய்ந்தது, சங்கிலி நின்றது, எந்திரன் பிழைத்தது. சபையில் கைநினைவை அழிக்கும் பேச்சு அடங்கிப்போனது. வஞ்சி ஜெயித்துவிட்டாள்.

ஆனால் புறங்கை அசையவில்லை. தோளும் குலுங்கவில்லை. எதிரே நின்றது நாச்சிமுத்துவே இல்லை, முதுகை விறைத்துக்கொண்டு வேலை பார்க்கும் யாரோ ஒரு கூலியாள். நாள்கள் போகப்போக அவளால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வீச்சு போதும் என்று ஏங்கினாள். ஒருநாள் மரம் ஒன்று சாயப்போகிற பக்கமாகவே போய் நின்றாள். இப்போதாவது விரட்டுவார்.

எந்திரன் அவளைப் பார்த்தது. மேலங்கியைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டு அறுத்தது. அதிகாரியைத் தள்ளி நிற்கச் சொல்கிற தொழிலாளி எந்த உலகத்தில் இருக்கிறான்?

மரம் முறியும் சத்தம் கேட்டுக் கடைசி நொடியில் வஞ்சி தானே குதித்தாள். கிளை நுனி முதுகை உரசிக்கொண்டு விழுந்தது. மண்ணில் கிடந்தபடி அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அடிபட்டதற்காக இல்லை. முகமறைப்பைத் தூக்கினால் அந்தக் கை தன்னைத் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொண்டால் கம்பியைக் கட்டிக்கொள்ளும். அவர் பிழைக்க வேண்டுமென்றால் அவள் அவருக்கு யாரோவாகவே இருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு அடுத்த வரிசையில் கிளை கழித்துக்கொண்டிருந்த மயில்சாமி ரம்பமும் கையுமாக ஓடிவந்தார். தலை வெறுந்தலை. பிரேக் மட்டையில் புத்தம்புதுக் கம்பி மின்னியது. மேலங்கி எழுந்து நிற்பதைக் கண்டதும் அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது. கம்பியைப் பிய்த்துப் பாக்கெட்டில் திணித்தார். இடுப்பில் தொங்கிய கவசத்தைத் தலையில் மாட்டினார்.

"வணக்கமுங்க மேடம்" என்றார்.

வஞ்சி முகமறைப்பைத் தூக்கினாள். முகமெல்லாம் கண்ணீரும் மண்ணும்.

"அடடே, நீதானா அம்மிணி! ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன்" என்று மயில்சாமி பெருமூச்சு விட்டார். கவசத்தைக் கழற்றி இடுப்பில் மாட்டினார். "அடி ஒண்ணும் படலயே?" என்று வாஞ்சையாகக் கேட்டுக்கொண்டே பாக்கெட்டில் கம்பியைத் துழாவினார்.

வஞ்சி முகமறைப்பை இறக்கிவிட்டுக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள்.