ஆளறிந்த ரத்தம்

அவன் தொட்ட இடம் மட்டும் தடித்தது.

மனைவிக்கு நர்ஸ் ஊசி போட்ட கையும் அவள் அக்கா நீவிவிட்ட காலும் எப்போதும்போலத்தான் இருந்தன. அவன் பிடித்த மணிக்கட்டில் மட்டும் விரல் தடங்கள் சிவப்பாக எழும்பி நின்றன. மனைவி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். கையுறை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தான். கையுறையே போட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தன் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தையல் போட்ட விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்து நின்றவனின் நெஞ்சில், மருந்து நெடியும், வெயில் ஏறிய திரைச்சீலையின் புழுக்கமும், கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பையில் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நீண்டுகொண்டே போன மௌனமும் ஏறி உட்கார்ந்தன.

டாக்டரம்மா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வைத்த சிறுநீரகம் வீங்கியிருந்தது. பொருத்தம் பார்த்த பிறகு ரத்தம் ஏதும் ஏற்றினார்களா என்று கேட்டார். அவள் அக்கா பெருமையாக முந்திக்கொண்டாள்.

"மயங்கி விழுந்துட்டா டாக்டர். பக்கத்து ஆஸ்பத்திரியில ஏத்தினோம். ஒரே குரூப், வெளி ரத்தம் எதுக்குன்னு மாப்பிள்ளையே குடுத்தாரு. இப்ப அவ உடம்புல பாதி இவருதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த ரத்தத்தில்தான் அவள் உடம்பு அவனை அந்நியன் என்று அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக் காத்திருந்திருக்கிறது. அதே ஆளின் உறுப்பு உள்ளே வந்ததும் அவை பாய்ந்துவிட்டன என்றார். ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க இயந்திரம் வரும் என்று சொல்லி, அக்காவைக் கையெழுத்துக்கு அழைத்துப் போனார்.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு இருக்குல்ல. அதையும் எடுத்துக்கச் சொல்றேன். நீ இரு, போதும்" என்றான்.

அவள் மூக்கு விடைத்தது.

அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்தான். கண் மூடிய முகம் கூடவே திரும்பியது. கதவுப் பக்கம் வந்தான். திரும்பியது.

போர்வைக்குள் அசைவு. பிளாஸ்திரி பிரியும் சத்தம். பிறகு ஈரமாக வேறொரு சத்தம்.

மணியை அழுத்தினான். வராந்தாவில் எங்கோ அடித்தது. யாரும் வரவில்லை.

போர்வையை இழுத்தான். அவள் கைகளைப் பிடித்தான். பிடித்த இடமெல்லாம் தடித்தது. அவன் விடவில்லை. அவள்தான் பலசாலி.

முகத்தில் வலியே இல்லை. தூங்கிக்கொண்டே, அரிசியில் கல் பொறுக்குகிறவளின் நிதானத்தோடு, தன் வயிற்றில் பிரிந்த தையலுக்குள் விரல்களை விட்டு அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.