இருபத்தோராம் படி

இருபத்தோராம் படியில் எத்திராஜ் வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டார். மொட்டைமாடிக்கு இன்னும் ஒரே படி. மேலே கூண்டில் அவருடைய பந்தயப் புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு இவ்ளோதான் டாக்டரம்மா. மூச்சு வாங்குது."

"பொய்," என்றாள் நிலோஃபர். மூன்று மாதமாகத் தினமும் ராயபுரத்துக்கு வந்து அவரை நடக்கவைக்கும் இயன்முறை மருத்துவர் அவள். "மூச்சு வாங்குறவரு இப்படியா கதை அளப்பாரு?"

அவர் மணிக்கட்டில் இலக்குமானி மஞ்சளாக ஒளிர்ந்தது. அறுபதைக் கடந்த எல்லோர் கையிலும் அது உண்டு. என்ன வேண்டும் என்று முதல் நாள் கேட்கும். பிறகு நாடியையும் பேச்சையும் கவனித்துக்கொண்டே இருக்கும். வேண்டியது நடக்கும்வரை மஞ்சள், நடந்தால் பச்சை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பிறகுதான். பச்சைகளின் எண்ணிக்கையே மருத்துவமனையின் தரம். எத்திராஜ் கேட்டது, மாடியேறித் தன் கையால் புறா விடுவது.

பச்சையானால் கோப்பு மூடப்படும். நிலோஃபர் வரமாட்டாள். அதனால்தான் கிழவர் ஒரு படியை மிச்சம் வைத்திருந்தார்.

"தாத்தா, இன்னிக்குக் கடைசி நாள். மஞ்சளாவே இருந்தா என்னை இந்த வேலையிலேருந்து தூக்கிடுவாங்க."

அவர் முகம் மாறியது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

எழுந்தார். ஏறினார். சாம்பல் நிறப் பெட்டை ஒன்றை எடுத்து மார்போடு ஒரு கணம் அணைத்து, வானத்தில் விட்டார்.

மானி மஞ்சளாகவே இருந்தது.

நிலோஃபர் பதறிப்போய் அதன் திரையைத் தட்டினாள். மூன்று மாத நாடியைப் படித்து, இலக்கை மானியே திருத்தியிருந்தது: 'இருபத்தோராம் படியில் நிலோஃபரோடு டீ. தினமும்.'

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கி உட்கார்ந்தார்கள். அவள் தினமும் கொண்டுவரும் டீ பிளாஸ்க்கைத் திறந்தாள். முதல் மடக்கிலேயே பச்சை. தினமும் என்பதால் இனி இந்தக் கோப்பு மூடாது.

"போட்டுக் குடுத்துடுச்சு பாரு," என்று வெட்கத்தோடு சிரித்த கிழவர், அவளுடைய வெறும் மணிக்கட்டைக் கவனித்தார். "உனக்கு இது குடுக்கலியா?"

"எனக்கு இருபத்தாறுதான் தாத்தா. அறுபது ஆகணும்."

"அதுவரைக்கும் உனக்கு இன்னா வேணும்னு எவனும் கேக்க மாட்டானா?"

நிலோஃபர் தன் கோப்பையை மீண்டும் நிரப்பிக்கொண்டாள். அடுத்த நோயாளியின் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சாம்பல் புறா ஒரு சுற்றுச் சுற்றிக் கூண்டுக்குத் திரும்பியபோதும், அவள் அந்தப் படியில்தான் இருந்தாள்.